பதினோராவது பொருத்தம்

"மாப்பிள்ளே, நில்லுங்க! அஞ்சு நிமிஷ வேலை! வலிக்கவே வலிக்காது!"

கத்திக்கொண்டே மெர்லின் கல்யாண மண்டபத்தின் பின்பக்கச் சுவரை ஏறிக் குதித்தாள். ஒரு கையில் ஜெல் டியூப். ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்று சுவருக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. முப்பதடி முன்னால், தென்னைகளுக்கு நடுவே, பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தவன் யுகேந்திரன். இன்னும் முக்கால் மணி நேரத்தில் அவனுக்கு நிச்சயதார்த்தம்.

ஓடிப் பழகியவனாக இருந்தால் தப்பியிருப்பான். சொட்டுநீர்க் குழாயில் கால் மாட்டி, ஒரு தென்னங்கன்றைக் கட்டிப்பிடித்தபடி விழுந்தான்.

"எங்கே ஓடறீங்க?" மெர்லினுக்கு மூச்சு வாங்கியது.

"தெரியலீங்க. தன்ஷிகா போன் பண்ணி, ஓடுன்னா. ஓடிட்டனுங்க."

"கல்யாணப் பொண்ணேவா ஓடச் சொன்னாங்க?"

"ஆமாங்க. நீ முன்னால போயித் தாராபுரம் பஸ்ஸைப் புடி, நான் அடுத்த பஸ்ஸுல வந்துர்றேன்னா."

மெர்லின் சிரிப்பை அடக்கினாள். நாகர்கோவில்காரி. ஸ்கேன் கருவிக் கம்பெனி அவளைக் கோயமுத்தூர் கிளைக்கு அனுப்பி இரண்டு வாரம்தான் ஆகிறது. கொங்கு நாட்டில் அவளுக்கு இதுதான் முதல் நிச்சயம். முதல் நிச்சயத்திலேயே மாப்பிள்ளை ஓட்டம்.

"எண் குறைவா வந்துரும்னு பயமா?"

"பயமெல்லாம் இல்லீங்க. எவ்வளவுன்னே தெரியும். முப்பத்தொண்ணு."

மெர்லினின் சிரிப்பு நின்றது.

2049-இல் ஒரு கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் போதவில்லை. பதினோராவது பொருத்தம் வந்திருந்தது. இருபது வருடங்களுக்கு முன் அந்தக் கருவி முதலில் வந்தபோது கைதட்டியவர்கள் பெண்கள்தான். இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டை, அவ்வளவே. காதுக்குக் கேட்காத ஒலி அதிலிருந்து உள்ளே போகும், எதிரொலியாகத் திரும்பி வரும். விதைப்பையின் அளவு, அங்கே ஓடும் ரத்தம், விந்து வரும் குழாய்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண் சொல்லும். குழந்தை இல்லையென்றால் மருமகளை மட்டும் கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போன மாமியார்கள் வாயடைத்துப் போனார்கள். 'முதல்ல உங்க பையனைப் பட்டை கட்டச் சொல்லுங்க அத்தே' என்ற ஒரு வரி எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கண்ணீரை நிறுத்தியது.

ஆனால் நம் ஜனங்களிடம் எதைக் கொடுத்தாலும் அதை ஜாதகமாக்கிவிடுவார்கள். நிச்சயதார்த்தச் சபையிலேயே பட்டை கட்டுவது வழக்கமாயிற்று. அறுபதுக்கு மேல் வந்தால் கெட்டிமேளம். கீழே போனால் பெண் வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியேறிவிடுவார்கள். எண், வரன் பதிவேட்டில் ஏறிவிடும், ஏறியது ஏறியதுதான். அதன் பிறகு அவனுக்கு ஊரில் பெயரே வேறு. பதர்.

"எப்படித் தெரியும் முப்பத்தொண்ணுன்னு?" என்றாள் மெர்லின்.

"ரெண்டு மாசம் முன்னாலயே நாங்க ரெண்டு பேரும் கோயமுத்தூருல டாக்டரைப் பாத்தமுங்க. கால்ல நரம்பு சுருட்டிக்கும் பாத்தீங்களா, அது மாதிரி எனக்கு இடது பக்க விதையில. சின்ன ஆபரேசன்தான், பண்ணியாச்சு. அஞ்சு வாரம் ஆச்சுங்க. போன வாரம் அவரே பட்டை கட்டிப் பாத்தாரு, முப்பத்தொண்ணு. விந்து டெஸ்டும் எடுத்தாங்க. இப்பவே வாய்ப்பு இருக்குது, ஆறு மாசத்துல நல்லா ஏறிரும்னாரு டாக்டர். அந்த ரூம்ல என்னைய விட தன்ஷிகாதான் அதிகமாக் கேள்வி கேட்டா."

"அப்போ எல்லார்கிட்டயும் அதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவ பெரியப்பாகிட்டயா? அவிநாசியில எம்பத்தெட்டு எண்ணுல ஒரு மாப்பிள்ளையை ரெடியா வெச்சிருக்காருங்க. இவன் அறுவதுக்குக் கீழ போனா அடுத்த முகூர்த்தத்துல அவந்தான்னு சபையிலயே சொல்லிட்டாரு. நீங்க அந்த மிஷினை ஆறு மாசம் பொறுக்கச் சொல்ல முடியுங்களா?"

முடியாது. அது மெர்லினுக்கு நன்றாகத் தெரியும். கருவி இன்றைக்கு உள்ளதைத்தான் சொல்லும். நாளைக்கு வரப்போவது அதற்குத் தெரியாது. பட்டையைக் கட்டிய ஐந்தாவது நிமிஷம் எண் மண்டபத்துப் பலகையில் எரியும். அதே நொடியில் பதிவேட்டுக்கும் போய்விடும். நடுவில் அவள் கை வைக்க இடமில்லை. வைத்தால் ஜெயில்.

"நான் பொய் எண் போட முடியாது, யுகேந்திரன்."

"பொய் சொல்லச் சொல்லலீங்க. அதுக்குத்தான ஓடறேன்."

"டேய் மாப்ள!"

சுவரின் மேல் ஒரு தலை முளைத்தது. மாப்பிள்ளைத் தோழன் நிகிலன். குதித்து இறங்கி, கையிலிருந்த செருப்பை மெர்லினிடம் நீட்டினான். "இந்தாங்க, உங்குளுது. தாராபுரம் பஸ்ஸு ஒம்பதரைக்குத்தான்டா. பசியோட ஓடாத. வா, நாலு பணியாரம் தின்னுட்டுத் தெம்பா ஓடலாம்."

"வெளையாடாதடா. முப்பத்தொண்ணு பலகையில எரிஞ்சா என்ற அம்மா தாங்காது."

"எரியாது, வா" என்றான் நிகிலன்.

எந்தத் தைரியத்தில் சொன்னானோ தெரியவில்லை. மூவரும் சுவரேறித் திரும்பினார்கள்.

மண்டபத்தில் தன்ஷிகாவின் பெரியப்பா ரத்தினசபாபதி வாசலுக்கும் மேடைக்கும் நடந்துகொண்டிருந்தார். சீர், முறை, வரிசை என்றால் அவருக்கு உயிர். தேங்காயின் கண் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரு கல்யாணத்தையே அரைமணி நேரம் நிறுத்தியவர்.

"எங்க போயிட்டீங்க அம்மிணி? மாப்பிள்ளை வேட்டியில என்ன சேறு?"

"தோப்புல காத்து வாங்கப் போனமுங் மாமா" என்றான் நிகிலன். "வழுக்கிருச்சு."

மணப்பெண் அறைக் கதவு இடுக்கில் தன்ஷிகாவின் ஒற்றைக் கண் தெரிந்தது. யுகேந்திரனைப் பார்த்ததும் அந்தக் கண் 'ஏன்டா திரும்பி வந்தே' என்றது.

மெர்லின் மேடை ஓரத் திரைக்குப் பின்னால் போய்க் கட்டிலை விரித்தாள். பெட்டியைத் திறந்தாள். புதுக் கருவி, முந்தின நாள்தான் வந்தது. பட்டையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை அவள் உரித்துக்கொண்டிருந்தபோது திரையை விலக்கிக்கொண்டு ஒருவர் எட்டிப்பார்த்தார். அறுபது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை, முகம் நிறையச் சிரிப்பு. பின்னாலேயே அவர் மனைவி.

"என்ன கண்ணு, மிஷினு புதுசா?"

"ஆமா சார். இன்னைக்குத்தான் முதல் ஸ்கேன்."

"அப்ப இன்னும் போணியே ஆகலைன்னு சொல்லுங்க."

"சார் யாரு?"

அந்த அம்மாள் பதில் சொன்னாள். "நான் பூங்கொடி. இவரு என்ற ஊட்டுக்காரரு, நாச்சிமுத்து. இந்தச் சுத்துப்பட்டுக்கே அருமைக்காரரு. மாப்பிள்ளை கூடச் சுத்தறானே நிகிலன், எங்க பெரிய பையன்."

"அருமைக்காரர்னா?"

"எங்க பக்கம் கல்யாணத்துல எல்லாச் சீருக்கும் முதல் கை அவருதான் கண்ணு. முகூர்த்தக்கால் நடறது, அரிசி அள்ளறது, தாலி எடுத்துக் குடுக்கறது எல்லாம். நெனைச்சவங்க எல்லாம் ஆக முடியாது. கல்யாணமாகிக் கொழந்தை பெத்து, அதுக்குன்னு இருக்கற சீரெல்லாம் முடிச்சவங்கதான். எங்குளுக்குப் பொறந்தது மூணு. அதான் ஊரே இவரைக் கூப்பிடுது."

நாச்சிமுத்து மேடைக்குப் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். நாதஸ்வரம் தானாக நின்றது.

"ரத்தினசபாபதி மாமோய்! ஒரு சந்தேகம். மொத வெத்தலை யாரு எடுக்கோணும்?"

"இதென்ன கேள்வி? அருமைக்காரர்தான்."

"மொத சந்தனம்?"

"நீங்கதான்."

"மொத மொத இந்த மண்டபத்துக்கு வந்த ஒரு புது மிஷினு. அதுல மொத ஆளு யாரு படுக்கோணும்?"

ரத்தினசபாபதி யோசித்தார். முறை என்றால் முறைதான். அருமைக்காரர் கை படாத எதையும் மாப்பிள்ளை மேல் வைக்கலாமா? கன்னி மிஷினை நேராக மாப்பிள்ளைக்குக் கட்டி, ஏதாவது ஏடாகூடமானால்?

"வாஸ்தவந்தானுங்க" என்றார். "நீங்களே மங்களகரமாத் தொடங்கி வைங்க. மூணு பெத்த ஒடம்பு."

சபை ஆமோதித்தது. ஒரு பாட்டி குலவை போட்டாள். "எங்க அருமைக்காரருக்குத் தொண்ணூத்தஞ்சுக்குக் குறையாது!" என்று யாரோ பந்தியிலிருந்து கத்தினார்கள்.

மெர்லினுக்கு இதில் சங்கடம் எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளையாகப் பதிவு செய்யாத ஆளைக் கட்டினால் அது சோதனை ஓட்டம். எண் பலகைக்கு வரும், பதிவேட்டுக்குப் போகாது. போகட்டும், யுகேந்திரனுக்கு இன்னும் பத்து நிமிஷம் நிம்மதி. திரைக்குப் பின்னால் நாச்சிமுத்து படுத்தார். ஜெல் பட்டதும் "ஐயோ, ஐஸு!" என்றார். வெளியே சிரிப்பலை.

மெர்லின் பட்டையை இறுக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு, பலகை எரிகிறதா என்று பார்க்கத் திரைக்கு வெளியே வந்தாள். நாதஸ்வரக்காரர் மூச்சை இழுத்துத் தயாராக நின்றார். தவில்காரர் கோலை ஓங்கியிருந்தார். பலகையில் புள்ளிகள் ஓடின. எண் விழுந்தது.

0

முன்கூட்டியே ஊத ஆரம்பித்துவிட்ட நாதஸ்வரம், நடுவழியில் 'பீ' என்று கீச்சிட்டு நின்றது.

சமையல்கட்டில் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும் வந்தது.

முதலில் சிரித்தவள் பூங்கொடி. முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்து குலுங்கினாள். அடுத்தது நிகிலன்.

"எங்கப்பனுக்கு முட்டைடா! அப்ப நான் யாரு, ஆன்லைன்ல வந்தவனா?"

அவ்வளவுதான். மண்டபம் வெடித்தது. திரையை விலக்கிக்கொண்டு வேட்டியைச் சரிசெய்தபடி நாச்சிமுத்து வந்து பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங் மாமா, இந்த வயசுல என்னைய இப்புடி அவமானப்படுத்திப்போட்டீங்களே!"

ரத்தினசபாபதியின் முகம் சிவந்துவிட்டது. "இருங்க இருங்க. அம்மிணி, ஏதோ தப்பாக் கட்டியிருப்பீங்க. மறுக்காக் கட்டுங்க."

மெர்லின் மறுபடி கட்டினாள். கருவியை அணைத்துவிட்டு, உயிர்ப்பித்து, இன்னொரு முறையும் கட்டினாள். பலகை அசரவில்லை. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

"மூணு பெத்தவனுக்கு மூணு முட்டை" என்றார் தவில்காரர். "ஆளுக்கொண்ணு."

நாச்சிமுத்து மேடையில் உட்கார்ந்தார். சிரிப்பை விட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

"மாமா, எனக்கொரு வழி சொல்லுங்க. இந்த மிஷினு நெசம்னா, நான் அருமைக்காரனே இல்லை. உங்க ரெண்டு புள்ளைகளுக்கும் தாலி எடுத்துக் குடுத்தது இந்தக் கைதான். போன மாசம் உங்க பேரனுக்கும் நாந்தான். நான் அருமைக்காரன் இல்லைன்னா அந்தச் சீரெல்லாம் என்னாகறது? மறுக்கா மொதல்லருந்து பண்றதுங்களா?"

ரத்தினசபாபதிக்கு வியர்த்தது. அவருடைய இரண்டு மகள்கள், பேரன் மட்டுமா? இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளில் பாதிப் பேருக்கு நாச்சிமுத்துதான் கல்யாணம் செய்து வைத்தவர். அத்தனை பேரும் இப்போது பெரியப்பாவையே பார்த்தார்கள். பலகையில் அந்த வட்டம் எரிந்துகொண்டே இருந்தது.

"ஓட்டை மிஷினு!" என்று கர்ஜித்தார். "எடுங்க அதை! நல்ல காரியத்துல அபசகுனம் மாதிரி! ஏன் அம்மிணி, இப்புடித்தான் ஊர்ப்பட்ட பசங்களுக்கு எண்ணுப் போட்டுட்டுத் திரியறீங்களா? எத்தனை பயலுகளைப் பதருன்னு தொரத்தி உட்டோம், இதை நம்பி!"

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பின்வரிசையில் ஒரு முப்பத்தைந்து வயதுக்காரன், சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தவன், மெல்ல நிமிர்ந்தான். பக்கத்தில் இருந்தவர் அவன் முதுகில் தட்டினார்.

"அப்ப மாப்பிள்ளைக்கு?" என்றார் நாச்சிமுத்து.

"ஒண்ணும் வேண்டாம். பத்துப் பொருத்தம் போதும்!"

மணப்பெண் அறைக் கதவு படாரென்று திறந்தது. தன்ஷிகா கையில் ஒரு கடிதத்தோடு வெளியே வந்தாள். "பெரியப்பா, டாக்டர்கிட்ட நாங்களே போயிக் காட்டியாச்சு. ஒரு சின்னக் கொறை இருந்துச்சு, சரி பண்ணியாச்சு. கொழந்தைக்கு வாய்ப்பு இருக்குதுன்னு எழுதியே குடுத்திருக்காரு. மறைக்கலாம்னு இல்லீங்க, நீங்க கேக்கற நெலமையில இல்ல. இப்ப படிச்சுப் பாக்கறீங்களா?"

யுகேந்திரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ரத்தினசபாபதி கடிதத்தை வாங்கினார். கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. பலகையைப் பார்த்தார், நாச்சிமுத்துவைப் பார்த்தார், தன்ஷிகாவைப் பார்த்தார். கடிதத்தை நாலாக மடித்து அவளிடமே கொடுத்தார்.

"உனக்குச் சம்மதமா புள்ளே?"

"எனக்கு எப்பவோ சம்மதமுங்க."

"அப்பறம் எனக்கென்ன? நேரம் போகுது. நிச்சயத்துக்கு உப்புச்சக்கரையை மாத்துங்கப்பா!"

நாதஸ்வரக்காரர் இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. ஊதினார். யுகேந்திரனின் அம்மா அழுதாள், தன்ஷிகாவின் அம்மா சிரித்தாள், பிறகு மாற்றி மாற்றிச் செய்தார்கள். அவிநாசிக்குப் போன் போட்டு எண்பத்தெட்டை வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று முட்டைக் காட்சியை யாரோ படம்பிடித்து வெளியே விட்டிருந்தார்கள். பந்தியில் ரசம் வருவதற்குள் பல்லடத்தில் ஒரு மண்டபத்தில் அந்த ஊர் அருமைக்காரரும் 'மொத ஆளு நானு' என்று படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவருக்கு வந்த எண் நாற்பது. அங்கேயும் மிஷின் வெளியே.

மெர்லினுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. கம்பெனியிலிருந்து ஏழு முறை போன். 'கோளாறு என்ன என்று ஒரு மணிக்குள் அறிக்கை அனுப்பவும்.'

கோளாறு என்ன? திரைக்குப் பின்னால் போய்ப் பெட்டியில் இருந்த சோதனைப் பொம்மைக்குப் பட்டையைக் கட்டினாள். சரியான எண் வந்தது. ஐந்து பிள்ளை பெற்ற நாதஸ்வரக்காரர் 'நானும் படுக்கறேன், பயமில்லை' என்று வந்தார். எண்பத்துநாலு. அவர் மீசையை முறுக்கிக்கொண்டு போனார்.

கருவியில் எந்தக் கோளாறும் இல்லை.

அப்போதுதான் அவள் நாச்சிமுத்துவின் படத்தைத் திறந்தாள். எண்ணை மட்டும் பார்த்தவள், இப்போது தன் கண்ணால் ஒலி வரைந்த அந்தச் சாம்பல் நிறப் படத்தைப் பார்த்தாள். இடது பக்கம். வலது பக்கம். மறுபடி இடது. ஆறு வருடமாக இதே படத்தைப் பார்க்கிறவள் அவள். தப்பே இல்லை. விந்தை வெளியே கொண்டுவரும் குழாய், இரண்டு பக்கமும், இல்லவே இல்லை. பிறவியிலேயே இல்லை.

வெற்றிலைத் தட்டருகே நாச்சிமுத்துவும் பூங்கொடியும் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்கள். மெர்லின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"சாப்டியா கண்ணு?" என்றாள் பூங்கொடி.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு சார்."

பாக்குவெட்டி நின்றது. நாச்சிமுத்து அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். திருடன் மாட்டிக்கொண்டது போலில்லை; கண்ணாமூச்சியில் கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஆள் மாதிரி.

"நல்ல மிஷினுதான். இருபத்தொம்போது வருசம் முன்னால ஒரு டாக்டரு மூணு மாசம் அலைய உட்டுச் சொன்னதை, இது அஞ்சு நிமிசத்துல சொல்லிப்போடுச்சே."

"முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணமாகி எட்டு வருசம் இவளை ஊரே மலடின்னுச்சு கண்ணு. வளைகாப்புல இவளைக் கண்டா வளையல் தட்டை அந்தாண்ட நகத்திருவாங்க. கொறை என்னுதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு நான் ஊருக்குச் சொல்லியிருக்கோணும். வாய் வரலை. இவ சொன்னா, விடுங்க, நமக்குக் கொழந்தைதான வேணும்னு. ஆஸ்பத்திரியில யாரோ ஒரு புண்ணியவான் குடுத்துட்டுப் போன விந்து. அவன் பேரு தெரியாது. மூணும் அப்புடித்தான்."

"இத்தனை வருசம் வாய் வராத மனுசன்" என்றாள் பூங்கொடி, "இன்னைக்கு ஆயிரம் பேரு முன்னால மூணு தடவை படுத்து எந்திரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வராம என்ன பண்ணும்?"

மெர்லின் கையிலிருந்த கருவித் திரையைப் பார்த்தாள். சோதனை ஓட்டப் படங்களைச் சம்பந்தப்பட்டவர் கேட்டால் உடனே அழித்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. நாச்சிமுத்து கேட்கவில்லை. அவளே கேட்டாள், "அழிச்சிடட்டுமா சார்?"

"உன்ற இஷ்டம் கண்ணு."

அழித்தாள். அறிக்கையில் 'கருவி நன்று. ஒரே எண்ணை வைத்து ஆளை எடை போடுவதுதான் கோளாறு' என்று அடித்து அனுப்பினாள். வேலை போனாலும் போகட்டும். அதற்குப் பிறகும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். பந்தியில் நிகிலன், யுகேந்திரன் வாயில் ஒரு முழு ஜாங்கிரியைத் திணித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அவள் நாச்சிமுத்து பக்கம் திரும்பினாள்.

"சார், என்னை மாதிரி இன்னொருத்தர் மிஷினைச் சோதிச்சுப் பார்த்து, விஷயம் வெளிய வந்துட்டா? உங்க பசங்க தாங்குவாங்களா? இப்படி ஒரு காரியம் பண்றதுக்கு முன்னாடி நிகிலனை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்தீங்களா?"

நாச்சிமுத்து வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே மகனைப் பார்த்தார். அங்கிருந்து அவன் மூன்று விரலைக் காட்டிக் கண்ணடித்தான்.

"அட போ கண்ணு. பதினெட்டு வயசுலயே மூணு பேருகிட்டயும் சொல்லிப்போட்டோம். காலையில தோப்புலருந்து ஓடியாந்து, 'அப்பா, மொத ஆளா நீங்க போயிப் படுங்க, மிஷினு தன்னால வெளிய போயிரும்'னு யோசனை சொன்னதே அவந்தான்."